ஆறாம் நம்பரில் தொடங்கிய ரவுண்டு

2011இல் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தேன். ஊரில் அம்மா இதை ஏதோ கோட்டு போட்ட உத்தியோகம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நீல நிறத்தில் ஒரு கோட்டு கொடுத்திருந்தார்கள் என்பது உண்மைதான். அதில் மூன்று பட்டன் இல்லை. வேலை இவ்வளவுதான். வரிசையாகப் பன்னிரண்டு மெஷின்கள். ஒவ்வொன்றும் காருக்குள் வயரைப் பிடித்து வைக்கிற சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிளிப்புகளை வார்த்துத் தள்ளும். நான் ஒரு ஷிப்டுக்கு நான்கு முறை சுற்றி வர வேண்டும். மெஷினுக்கு ஐந்து கிளிப் எடுத்து, மெஷின் நம்பர் எழுதிய கவரில் போட்டு, கடைசியில் என் மேசைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றையும் கேஜில் வைத்துப் பார்க்க வேண்டும். கேஜ் என்பது அளவாகத் துளை போட்ட ஓர் இரும்புத் துண்டு. கிளிப் அதில் உட்கார்ந்தால் நல்லது, உட்காராவிட்டால் கெட்டது. நடுவில் எதுவும் கிடையாது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் குணத்திலும் நடுவில் எதுவும் கிடையாது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, படப்பையில் இன்னும் மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தாளும் முடிந்துவிட்டது, புள்ளியியலில் மட்டும் ஒரு முறை கோட்டை விட்டிருந்தேன். கணக்கில் புலி என்று பேர் வாங்கியவள் அதில் தோற்றது எனக்குப் பெரிய மானக்கேடு. அந்தப் புத்தகத்தைக் கம்பெனி பஸ்ஸில்கூட விடாமல் படித்துக்கொண்டு வருவேன். வழியில் செம்பரம்பாக்கம் ஏரியே எழுந்து வந்து நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்று அக்கா கிண்டல் செய்வாள். ஏரி எங்கள் வழியிலேயே இல்லை என்பது வேறு விஷயம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. மணிமங்கலத்துக்காரி. ஆறாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். பஸ் மணிமங்கலத்தைத் தொட்டுவிட்டுத்தான் படப்பைக்கு வரும். அதனால் அவள் முன்பே ஏறி, ஜன்னலோரத்தில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். அந்த இடத்துக்காக ஒரு முறை ஸ்டோரில் வேலை பார்க்கிற ஓர் அம்மாவோடு அவள் போட்ட சண்டை பஸ்ஸில் ஒரு வாரம் பேசப்பட்டது. அவ்வளவு பெரிய சண்டை போடும் அளவுக்கு என்னிடம் என்ன கண்டாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. வந்த புதிதில் நான் ஒருத்தரோடும் பேசாமல் புத்தகத்துக்குள் தலையை விட்டிருப்பேன். அவளே வலிய வந்து, தினம் என்ன படிக்கிறேன் என்று கேட்பாள். சும்மா கேட்டுவிட்டு விடமாட்டாள், தனக்குப் புரிகிறவரை சொல்லச் சொல்வாள்.

கருதுகோள் சோதனை எனக்கே முதலில் புரிந்தது அவளுக்குச் சொல்லப்போய்த்தான். ஒரு காசு இருக்கிறது. அது நல்ல காசுதான், கோணல் மாணல் ஒன்றும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் இன்மைக் கருதுகோள். பிறகு பத்துத் தடவை சுண்ட வேண்டும். ஆறு தடவை பூ விழுந்தால், அது இயல்புதான், காசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்துக்குப் பத்தும் பூவே விழுந்தால்? நல்ல காசு அப்படி விழுவது ஆயிரத்தில் ஒரு தடவைதான். அப்போதுதான் காசின்மேல் சந்தேகப்படலாம். இதை நான் சொல்லி முடித்ததும் அக்கா அதைத் தன் வழியில் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப மொதல்ல நம்பிடணும். நம்பவே முடியலன்னாதான் சந்தேகப்படணும், அதானே? இத்த எங்க மாமியாருக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்" என்றாள்.

எங்கள் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு நீட்டி முழக்கியிருந்த விஷயம் அது. தேர்வில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

அவளுக்கு முதல் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையால்தான் அவளுக்கு நிரந்தரம் ஆகிவிட வேண்டும் என்கிற வேகம். பயிற்சியில் இருப்பவர்கள் ஒரு வாரம் ஏ ஷிப்ட், ஒரு வாரம் பி ஷிப்ட் என்று மாறி மாறி வர வேண்டும். ஏ ஷிப்ட் விடிகாலையில் தொடங்கி மதியம் இரண்டரைக்கு முடியும். குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அக்கா வீட்டில் இருப்பாள். பி ஷிப்ட் வாரத்தில் குழந்தை வருவதற்கு முன் கிளம்பி, அது தூங்கிய பிறகுதான் திரும்புவாள். காலையில் பள்ளிக்கு விரட்டுகிற அரை மணி நேரம்தான் மிச்சம், அதுவும் ஜடை பின்னுவதிலும் திட்டுவதிலும் போய்விடும். ஒரு வாரம் பேசுகிற மகள், ஒரு வாரம் தூங்குகிற மகள் என்பாள். நிரந்தரமான பெண்கள் மட்டும் ஏ ஷிப்டிலேயே இருந்துகொள்ளலாம். அக்கா பயிற்சியில் ஒரு வருஷத்தை முடிக்கப் போகிறாள். நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் அந்த மாதக் கடைசியில் மேலே போக இருந்தது.

எங்கள் பகுதிக்கு ஒரு தர எஞ்சினியர் இருந்தார். அதிகம் பேசாத மனிதர், ஆனால் தாள்களை விடாமல் பார்ப்பவர். மாதத் தொடக்கத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, நான் நிரப்பிய தாள்களையே என் முன்னால் பரப்பினார். ஆறாம் நம்பரில் கெட்ட கிளிப் அதிகமாக வருகிறது. அச்சைக் கழற்றிப் பார்த்தாகிவிட்டது, அதில் கோளாறில்லை. அதே மெஷினை மற்ற ஷிப்டில் வருகிற அடுத்த பேட்சில் வேறொருவர் ஓட்டுகிறார், அங்கே சரியாக இருக்கிறது. ஆகவே கைதான் காரணம் என்றார். அந்த மெஷின்களில் கதவைத் திறந்து கிளிப்பை எடுத்துவிட்டுக் கதவை மூடுவது ஆளின் வேலை. கை ஒரே சீராக ஓடாவிட்டால் அச்சின் சூடு ஏறி இறங்கும், கிளிப் மயிரிழை அளவு மாறிப்போகும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அக்காவின் கையைப் பார்த்திருக்கிறேன். கடிகாரம் மாதிரி ஓடும். தற்செயலாகக்கூட அப்படி வரலாம் சார், சோதனை போட்டுப் பார்க்காமல் ஓர் ஆளின்மேல் பழி போடக் கூடாது என்றேன். பரிசோதகர் எஞ்சினியரிடம் பேசுகிற பேச்சல்ல அது. அவர் கோபப்படவில்லை. "சரிம்மா, நீயே போட்டுக் காட்டு" என்று தாள்களை என் பக்கம் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து போட்டேன். அக்கா நிரபராதி என்று கணக்காலேயே நிரூபித்து, அந்தத் தாளை அவர் மேசைமேல் வைக்கப்போகிறேன் என்கிற திமிர் எனக்கு. இருபது வேலை நாள், நாளுக்கு நான்கு ரவுண்டு, ரவுண்டுக்கு ஐந்து. ஆக மெஷினுக்கு நானூறு கிளிப். மற்ற மெஷின்களில் சராசரியாக எட்டுக் கெட்டவை. ஆறாம் நம்பரில் பத்தொன்பது. ஆறும் மற்றவை மாதிரித்தான் என்று வைத்துக்கொண்டால், தற்செயலாகப் பத்தொன்பதோ அதற்கு மேலோ வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தேன். ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

மூன்று முறை திரும்பப் போட்டேன். விடை மாறவில்லை. துணி காய்ந்து, அறைப் பெண்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

கிழித்துப் போட்டிருக்கலாம். எஞ்சினியர் ஒருவேளை மறந்துபோயிருப்பார். அல்லது முதலில் அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் திங்கட்கிழமை காலையில் நேராக அவரிடம் கொடுத்தேன். நேர்மை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. அந்தத் தாளை அவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்தேன், கோடு போட்டு, அட்டவணை போட்டு. யாராவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவர் பார்த்தார். நன்றாகப் போட்டிருக்கிறாய் என்றார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் பொருளில்லை.

மறுநாள் அக்காவை மெஷினிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். பேக்கிங்கில் இருக்கிறவர்களை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஜன்னலோர இடத்துக்கு ஊரைக் கூட்டியவள் ஆயிற்றே. பஸ்ஸில் வழக்கம்போல பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். நான்தான் உட்கார முடியாமல் உட்கார்ந்தேன். கணக்குப் போட்டது நான் என்று அவளுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். நானாகவே மறுபடி சொன்னேன்.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும். என் கைதான் இன்னாவோ ஆயிடுச்சி போல" என்றாள்.

அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம். அன்றிலிருந்து பஸ்ஸில் அவள் தன் கையை விரிப்பதும் மடக்குவதுமாக வருவாள். வலது கையையே உற்றுப் பார்ப்பாள். ஒருநாள், மரத்துப்போகிற வியாதி இருந்தால் ஆரம்பத்தில் எப்படித் தெரியும் என்று கேட்டாள். தன் கையைவிட என் கணக்கை நம்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விரித்த புத்தகத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் வந்தேன்.

ஆறாம் நம்பருக்கு வேறு ஒருவர் வந்தார். கெட்ட கிளிப் சட்டென்று குறைந்துவிட்டது. எஞ்சினியர் தாளைக் காட்டித் தலையை ஆட்டினார், பார்த்தாயா என்கிற மாதிரி. என் கணக்கு சரிதான் என்று ஆனது. அந்த வாரத்தைப் போல என் கணக்கை நான் என்றைக்கும் வெறுத்ததில்லை.

பேக்கிங் மேசை ஷெட்டின் மறு கோடியில், பன்னிரண்டாம் மெஷினைத் தாண்டி இருந்தது. டீ முடிந்து மணி அடித்ததும் அக்காவோடு நடந்து அங்கே வரை போவேன். பேச்சு பாதியில் நிற்கும், அதை முடித்துவிட்டு, அங்கிருந்து ரவுண்டைத் தொடங்குவேன். பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று திரும்பி வருவேன். முன்பெல்லாம் அவளோடு ஆறாம் நம்பர் வரை நடந்து, அவள் மெஷினைப் போட்டு, தொடக்கத்தில் விழுகிற ஐந்தாறு கிளிப்பைச் சிவப்புத் தொட்டியில் தள்ளுகிறவரை பேசிக்கொண்டு நின்று, அடுத்து விழும் ஐந்தை எடுத்துக்கொண்டு மற்ற மெஷின்களுக்குப் போவேன். விதிப்படி ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் தாளில் மெஷின் நம்பரும் ரவுண்டும்தான் எழுத இடம் உண்டு. எதை முதலில் எடுத்தோம் என்று எழுத இடம் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது.

இரண்டு வாரம் போயிருக்கும். பன்னிரண்டாம் நம்பரில் கெட்டவை கூடியிருப்பதைத் தாளில் பார்த்தேன். நாலைந்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. அதை ஓட்டுகிறவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர், அந்த ஷெட்டிலேயே கைதேர்ந்த ஆள். அவர் கையிலும் கோளாறு என்றால் அதை மெஷினே நம்பாது. இவருக்கு என்ன ஆயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். புத்தி அங்கேதான் நின்றது.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல அக்காவை விட்டுவிட்டுத் திரும்பி, பன்னிரண்டில் விழுந்த ஐந்து கிளிப்பை உள்ளங்கையில் வாங்கினேன். பதினொன்றில் வாங்கினேன், பத்தில் வாங்கினேன். நான்கைந்து மெஷின் தாண்டியதும் கை சுட்டது. கிளிப் அப்போதுதான் அச்சிலிருந்து விழுவது, சுடத்தான் செய்யும். ஆனால் பன்னிரண்டில் எடுத்தபோது சுடவில்லை. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இடைவேளையில் எல்லா மெஷினும் நிற்கும், அச்சு ஆறிப்போகும். மறுபடி போட்டதும் தொடக்கத்தில் விழுவதைத் தள்ளிவிட்டால் போதும் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். போதாது. அச்சுக்குச் சூடு ஏறக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணிக்குள் நான் முதலில் போகிற மெஷின் எதுவோ, அது கெட்ட மெஷின்.

என் நான்கு ரவுண்டுமே இடைவேளை முடிந்தோ ஷிப்ட் தொடங்கியோதான் நடந்தன. நான்கிலும் நான் முதலில் போனது அக்காவிடம்.

குறை அக்காவின் கையில் இல்லை. அது என் காலோடு நடந்து வந்திருக்கிறது. ஆறாம் நம்பருக்கு நான் போனபோது அங்கே இருந்தது, பன்னிரண்டுக்கு நான் போனபோது இங்கே வந்துவிட்டது. சமவாய்ப்பு மாதிரி, அதாவது ரேண்டம் சாம்பிள், என்றால் என்ன என்பது எங்கள் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கப்பட ஒரே மாதிரி வாய்ப்புப் பெற்றிருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லிக்கொண்டே, எனக்குப் பிடித்தவளின் மெஷினிலிருந்து மட்டும் ஆறின அச்சின் கிளிப்பாகப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். நான் போட்ட சோதனையில் ஒரு தப்பும் இல்லை. தற்செயல் இல்லை என்று அது சொன்னதும் உண்மைதான். தற்செயல் இல்லையென்றால் வேறு என்ன என்று அது சொல்லவில்லை, நாங்களாகத்தான் அக்காவின் கை என்று எழுதிக்கொண்டோம்.

அடுத்த டீ முடிந்ததும் பன்னிரண்டாம் நம்பர் பக்கத்திலேயே அரை மணி நேரம் நின்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கிளிப் எடுத்தேன். முதல் இரண்டு கவரிலும் ஒவ்வொன்று கேஜில் உட்காரவில்லை. மற்ற நான்கு கவரிலும் எல்லாம் உட்கார்ந்தன. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் எஞ்சினியரிடம் ஓடினேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்துபோய் அடுத்த பேட்சின் தாள்களை எடுத்து வந்தார். அங்கே பரிசோதிக்கிற பெண் விதிப்படி ஒன்றிலிருந்து தொடங்குகிறவள். அவள் தாளில் ஒன்றாம் நம்பர்தான் மோசம். அதற்காக அங்கே ஓர் ஆளை ஏற்கெனவே திட்டித் தீர்த்திருந்தார்கள். எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எனக்கு மெமோ கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். சரி என்றேன். உண்மையில் அந்த மெமோ வந்தபோது எனக்குக் கொஞ்சம் மனசு லேசானது.

மெமோவோடு ஒரு வேலையும் கொடுத்தார். அக்காவை மறுபடி ஆறாம் நம்பரில் பத்து நாள் போட்டுப் பார்க்கலாம், இந்த முறை ஒழுங்காக எடு என்றார். அட்டையில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதி, சீட்டாக வெட்டி, டிபன் மூடியில் போட்டுக் குலுக்கினேன். எந்தச் சீட்டு முதலில் வருகிறதோ அந்த மெஷினுக்கு முதலில் போக வேண்டும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் புதிதாகக் குலுக்க வேண்டும். ஆறின அச்சு இனி யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பங்கு. மணி அடித்ததும் அக்காவோடு நடப்பதை விட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து சாமி சந்நிதியில் பூ கட்டிப் பார்க்கிற மாதிரி சீட்டெடுப்பேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. சோதனை முடிகிறவரை மெஷின் ஓட்டுகிற யாருக்கும் தெரியக் கூடாது என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். நான் தன்னை விட்டு விலகிவிட்டதாக அவள் நினைத்திருப்பாள். கேட்கவில்லை. இடம் மட்டும் பிடித்து வைத்தாள்.

பத்து நாளில் இருநூறு கிளிப். நான்கு கெட்டிருக்கலாம், மூன்றுதான் கெட்டிருந்தன. இதிலிருந்து அவள் குற்றமற்றவள் என்று எழுத முடியாது. அப்படி ஒரு வாக்கியமே இந்தச் சோதனையில் கிடையாது. சந்தேகப்படக் காரணம் இல்லை என்று மட்டும்தான் எழுதலாம். எனக்கு அது போதவில்லை. தாளின் அடியில், மெஷின் ஓட்டுபவரின் கையில் எந்தக் குறையும் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதினேன். எஞ்சினியர் அந்த வரியைப் பார்த்தார், அதை அடித்து நீக்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.

ஆனால் பட்டியல் இரண்டு நாள் முன்பே மேலே போய்விட்டிருந்தது. எஞ்சினியர் தாளோடு நேரில் போய்க் கேட்டுப் பார்த்தார். ஒரு தடவை போன பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது, அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான் என்றார்கள். அந்த ஆறு மாதம் கழித்து அவளுக்கு நிரந்தரம் ஆகிவிட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று எஞ்சினியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏ ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் எங்கள் பஸ்ஸின் நிழலில் நிறுத்தி வைத்துச் சொன்னேன். அச்சு ஆறுவது, நான் முதலில் அவளிடம் வந்தது, சீட்டு, மூன்று கிளிப், பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ஆறு மாதம் என்றால் இருபத்தாறு வாரம், அதில் பாதி பி ஷிப்ட் என்று நான் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எதையும் கணக்காகத்தானே எனக்குச் சொல்லத் தெரியும்.

"பதிமூணு வாரத்துக்கு உங்க பிள்ளைய உங்ககிட்டருந்து பறிச்சுட்டேங்க்கா" என்றேன்.

அவள் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லாருக்குக்கா. உங்க கைக்கு ஒண்ணுமே இல்ல."

அவள் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் அவள் எதைச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தினம் நாலு தடவையும் தன்னிடம்தான் முதலில் வருவேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"ஏன்?"

இந்தக் கேள்வியை எஞ்சினியர்கூடக் கேட்கவில்லை. மெமோவுக்குக் கொடுத்த பதிலில் வசதிக்காக என்று எழுதியிருந்தேன்.

"உங்களப் பாக்கத்தாங்க்கா. பேசிட்டு வந்ததப் பாதியில விட்டுட்டுப் போவ மனசு வராது" என்றேன். அந்தப் பெரிய ஊரில், ஆயிரக்கணக்கானவர்கள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற அந்த இடத்தில், அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்று சொல்ல நினைத்தேன்.

அதற்குள் டிரைவர் ஹாரனை அடித்தார். அக்கா என் கோட்டில் பட்டன் இல்லாத இடத்தைப் பிடித்து என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தாள்.

"கிளிப் எடுக்கச் சீட்டு சொல்ற நேரத்துக்கு வா. என்னைப் பாக்கணும்னா எல்லாத்தையும் முடிச்சிட்டுக் கடைசியா வா. அப்பதான் வேற மெஷினுக்கு ஓட மாட்டே, கொஞ்ச நேரம் நிப்பே" என்றாள்.